முழங்காலுக்கு எந்த ஒளி?

கேள்வி: எனக்கு 58 வயது. முழங்கால் நோவால் காலிமுகத்திடலில் பின்னேரம் நடப்பதையே விட்டுவிட்டேன். புறக்கோட்டையில் ஒளிச் சிகிச்சைப் பட்டி இரண்டு பார்த்தேன். ஒன்றில் 660, 850 என்று போட்டிருக்கிறது. மற்றது நீலம், பச்சை என்று ஏழு நிறம், விலையும் மலிவு. எதை வாங்கலாம்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஏழு நிறத்தை விடுங்கள் அம்மா. நீலமும் பச்சையும் தோலின் மேற்பரப்பைத் தாண்டி அவ்வளவாகப் போகாது, மூட்டுக்கு அவற்றால் பயனில்லை. அந்த எண்கள் நனோமீற்றரில் சொல்லப்படும் அலைநீளம். 630 முதல் 660 வரை சிவப்பு, அது தோலுக்கும் அதற்குச் சற்றுக் கீழேயும். 810 முதல் 850 வரை கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத செங்கீழ்க்கதிர், தசைக்கும் மூட்டுக்கும் வேண்டியது இதுதான். நம்மைப் போன்ற கருமையான தோலில், நிறம் தரும் மெலனின் சிவப்பை அதிகம் உறிஞ்சிவிடும், 850 இல் அந்தத் தொல்லை குறைவு. அதனால் 660, 850 பட்டியையே எடுங்கள்.

எடுக்கும்போது 850 மின்குமிழ்கள் மங்கலாகத்தான் தெரியும், பழுதென்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். கைத்தொலைபேசியின் முன்பக்கக் கமராவால் பாருங்கள், பெரும்பாலும் ஊதா கலந்த வெள்ளையாக ஒளிரும்.

அலைநீளம் சரியாக இருந்தும் அளவு பிழைத்தால் பலன் இல்லை, இதைத்தான் கடைக்காரர்கள் சொல்வதில்லை. சதுர சென்ரிமீற்றருக்கு 50 மில்லிவாற்று தரும் கருவியை 2 நிமிடம் பிடித்தால் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் 6 யூல் ஒளிச்சக்தி கிடைக்கும். பெட்டியில் இந்த மில்லிவாற்றுக் கணக்கே இல்லாவிட்டால் நான் வாங்க மாட்டேன். கூடப் பிடித்தால் கூடப் பலன் என்றும் இல்லை, ஓர் அளவைத் தாண்டினால் பலன் குறையவே செய்யும். துணிக்கு மேலால் வேண்டாம், வெறும் தோலில், சிரட்டைக்கு நேரே இல்லாமல் முழங்காலைச் சற்று மடக்கி இரு பக்கமும் படும்படி கட்டுங்கள். கண்ணுக்கு நேரே பிடிக்கவே கூடாது.

ஒன்றை மனதாரச் சொல்கிறேன். ஒளி நோவைத் தணிக்கலாம், தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது. தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிதான் முதல் வைத்தியம், அதை ஓர் இயன்மருத்துவரிடம் கேட்டுப் பழகுங்கள், நோவு தணியும் நேரத்தில் செய்யுங்கள். மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால் பட்டியைக் கழற்றிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புற்றுநோய் உள்ள இடத்தில் இந்த ஒளியைப் பிடிக்கக் கூடாது. வெயில் பட்டால் தோல் எரியும் மருந்து ஏதும் எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கவும் வேண்டாம்.

கேள்வி: கிரிக்கெட் விளையாடும் என் மகனுக்கும் இதே பட்டி சரிவருமா? பயிற்சிக்குப் பிறகுதானே பிடிக்க வேண்டும்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: சரிவரும், அதே 850 தான். ஆனால் பயிற்சிக்கு முன்னால் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், தசைச் சோர்வு குறைவதாக வந்த ஆய்வுகளில் பல அப்படித்தான் செய்திருக்கின்றன. தொடை பெரிய தசை என்பதால் ஒரே இடத்தில் வைத்திருக்காமல் இடம் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். தசை கிழிந்து இரத்தம் கட்டியிருந்தால் விளையாட்டையே நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.