கட்டைவிரலால் மறைத்த பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓராண்டாகப் போஸ்ட் ராக் கேட்டு வருகிறேன். மோக்வாய் குழுவில் தொடங்கி, இசைச் செயலி பரிந்துரைக்கும் வழியிலேயே போய்க்கொண்டிருக்கிறேன். வரிகளே இல்லாத இசைக்கு எப்படி மதிப்புரை எழுதுவது? மோனோ குழுவின் ஓர் ஆல்பத்துக்கு நான் எழுதியதை இணைத்திருக்கிறேன். நேரம் குறைவு என்பதால் பெரும்பாலும் இசை உச்சத்துக்கு எழும் இடத்துக்கே தாவிவிடுகிறேன். ஆரம்பத்தில் ஒன்றும் நடப்பதில்லை. புதிதாகக் கேட்பவர்களுக்குப் பத்துக் குழுக்களின் பட்டியல் தருவீர்களா? போஸ்ட் ராக் செத்துவிட்டது என்கிறார்களே, அது உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியை விட்டுவிடுகிறேன். ராக் இசையின் கருவிகளை ராக் அல்லாத காரியங்களுக்குப் பயன்படுத்துவதைக் குறிக்க, சைமன் ரெய்னால்ட்ஸ் என்ற விமர்சகர் 1994இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர் அது. பெயரின் ஆயுளைக் கணிப்பதால் கேட்பவருக்கு ஒரு பயனும் இல்லை. பட்டியலும் இப்போது வேண்டாம். "ஆரம்பத்தில் ஒன்றும் நடப்பதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

மோக்வாயின் 'யங் டீம்' ஆல்பம் 1997இல் வெளிவந்தது. அதில் 'லைக் ஹெரோட்' என்ற துண்டு பதினொரு நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. முதல் சில நிமிடங்கள் கிட்டார்கள் தாழ்ந்த குரலில் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. காதுக்குச் சரியாக எட்டவில்லையே என்று உங்கள் கை தானாகவே ஒலியைக் கூட்டும். கூட்டிய பிறகுதான் அந்த வெடிப்பு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், நீங்களே திறந்துவைத்த கதவின் வழியாக வருகிறது. பிறகு எல்லாம் அடங்கிப் பழைய தாழ்குரலுக்கே திரும்பும்போது, முன்பு கேட்ட அதே சுரங்கள் இப்போது அச்சமூட்டுகின்றன, ஏனென்றால் இன்னொரு முறை வெடிக்கும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. வெடிப்பு இருக்கும் இடத்துக்கு விரலால் தாவியவருக்குக் கிடைப்பது வெறும் இரைச்சல். பசி எடுக்கும் முன்பே பந்தியில் உட்கார்ந்துவிட்டு, சாப்பாடு ருசிக்கவில்லை என்று சொல்வது நியாயமா?

மொன்றியாலைச் சேர்ந்த 'காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர்' குழு அதே ஆண்டு வெளியிட்ட முதல் இசைத்தட்டின் முடிவில், ஊசி வெளியேற வழியில்லாமல் ஒரே வட்டத்தில் சுழலும்படி பள்ளத்தை வெட்டியிருந்தார்கள். கேட்பவர் எழுந்து சென்று ஊசியைத் தூக்கும்வரை இசை முடியாது. லண்டனின் 'டாக் டாக்' பாடகரை முன்னிறுத்திய குழுதான். ஆனால் 1991இல் வந்த அவர்களுடைய 'லாஃபிங் ஸ்டாக்' ஆல்பத்தின் முதல் சில நொடிகளில் ஆம்ப்ளிஃபயரின் மெல்லிய இரைச்சல் மட்டுமே கேட்கிறது. பல இசைக்கலைஞர்களை மணிக்கணக்கில் வாசிக்கச் செய்து, பதிவானதில் பெரும்பகுதியை நீக்கியவர்கள், அந்த இரைச்சலை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். ஒன்றும் நடக்காத இடம் என்று நீங்கள் சொல்வது இப்படித் தேர்ந்தெடுத்து வைக்கப்பட்ட இடம், எஸ்.

உங்கள் மதிப்புரையைப் படித்தேன். கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. மோனோவின் 2009ஆம் ஆண்டு ஆல்பத்தைப் பற்றிய ஒரு பக்கத்தில் பனிமலை நான்கு முறை வருகிறது, பிரபஞ்சம் இரண்டு முறை, கண்ணீர் மூன்று முறை. அந்த ஆல்பத்தில் ஓர் ஆர்கெஸ்ட்ரா வாசிக்கிறது என்ற செய்தி ஒரு முறைகூட இல்லை. முதல் துண்டின் தலைப்பில் பனி இருக்கிறது, ஆகவே நீங்களும் பனியைப் பார்த்துவிட்டீர்கள். அது குளோக்கன்ஸ்பீல் என்னும், சிறு உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவியின் ஒலியோடு தொடங்குவதைக் கேட்டிருந்தால், பத்து உவமைகளுக்குப் பதில் அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்திருக்கும்.

இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இதே தவறை நானும் செய்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் 'டர்ட்டி த்ரீ' 1998இல் வெளியிட்ட 'ஓஷன் சாங்ஸ்' ஆல்பத்துக்கு ஒரு சிற்றிதழில் மதிப்புரை எழுதினேன். தலைப்பில் கடல் இருந்ததால் என் கட்டுரை முழுவதும் அலையடித்தது. அப்போது சாலிகிராமத்தில் என் மாடிக்குக் கீழே, சினிமாப் பாடல்களுக்கு வயலின் வாசித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் குடியிருந்தார். இதழைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிதானமாகப் படித்துவிட்டு, ஆல்பத்தின் பெயரைக் கட்டைவிரலால் மறைத்தபடி என்னிடம் நீட்டினார். "தம்பி, இப்போது இது எந்த ஆல்பத்தைப் பற்றியது என்று சொல்லுங்கள்" என்றார். அந்த விரலின் ஓரத்தில் வயலின் வில் அழுத்திய தழும்பு இருந்தது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்று மாலையே குறுந்தகட்டைக் கொண்டுவரச் சொல்லி என்னோடு உட்கார்ந்து கேட்டார். அந்தக் குழுவின் பெயரைக்கூட அவர் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. "வில்லை அழுத்தி, சுரம் உடையட்டும் என்றே விடுகிறார். எங்களுக்கு இதைத்தான் செய்யாதே என்று அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள்" என்றார். சற்றுப் பொறுத்து, "டிரம்ஸ்காரர் தாளம் பிடிக்கவில்லை, பக்கத்தில் நின்று பேச்சுக்கொடுக்கிறார்" என்றார். அந்தக் குழுவின் வாரன் எல்லிஸின் வயலினைப் பற்றியும் ஜிம் வைட்டின் டிரம்ஸைப் பற்றியும் எத்தனையோ கட்டுரைகள் படித்தவன் நான். அந்த இரண்டு வாக்கியங்களுக்கு இணையாக எதையும் படித்ததில்லை. கேட்டதைக் கேட்டபடி சொன்னார், அவ்வளவுதான். அந்த ஆல்பத்தைப் பதிவுசெய்த ஸ்டீவ் ஆல்பினி, தம்மைத் தயாரிப்பாளர் என்று குறிப்பிடுவதை விரும்பாமல், 'பதிவுசெய்தவர்' என்று போட்டால் போதும் என்றே 2024இல் மறையும்வரை சொல்லிவந்தார். மோனோவின் அந்த ஆல்பமும் அவர் பதிவுசெய்ததுதான். அறையில் ஒலித்ததற்கு மேல் எதையும் பூசக்கூடாது என்ற அவருடைய பிடிவாதத்தில் கொஞ்சமாவது நமக்கும் வேண்டும்.

ஓராண்டாக, வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் கிடைக்கும் நேரத்தில், துணைக்கு ஆளில்லாமல் இந்த இசையைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது கடிதத்தில் தெரிகிறது. அந்தத் தாகம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் திட்டவும் செய்கிறேன். செயலியில் ஒரு துண்டு முடியும் முன்பே அடுத்ததைக் கலக்கும் வசதியையும், ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியையும் அணைத்துவிடுங்கள். மோனோவின் அந்த ஆல்பத்தை மட்டும் ஒரு வாரம், தாவாமல், முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். பிறகு முதல் துண்டைப் பற்றி மட்டும் எழுதுங்கள்: குளோக்கன்ஸ்பீல் எதுவரை தனியாக நிற்கிறது, கிட்டார் எப்போது சேர்கிறது, டிரம்ஸ் எத்தனையாவது நிமிடத்தில் நுழைகிறது. எழுதியதை எனக்கு அனுப்பும்போது ஆல்பத்தின் பெயரைப் போடாதீர்கள்.