மழை இரவுக்குப் பேய்க் கதைகள்: ரீச்சரின் பதில்கள்

கார்த்திகை மழை தொடங்கியதும் வாசிகசாலைக்கு வருகிறவர்கள் பேய்க் கதைதான் கேட்கிறார்கள். பல ஊர்களிலிருந்து கேட்டவர்களுக்குச் சொன்னவை இவை.

கல்லடி: ரீச்சர், நான் சரியான பயந்தாங்கொள்ளி. எதில் தொடங்கலாம்?

ஒஸ்கார் வைல்ட் 1887இல் எழுதிய ‘கேன்டர்வில் பேய்’, மகள். முந்நூறு வருடமாகப் பேய் உலாவும் மாளிகைக்கு ஓர் அமெரிக்கக் குடும்பம் குடிவருகிறது. சங்கிலியை இழுத்துக்கொண்டு வரும் பேயிடம், சத்தம் கேட்காமல் இருக்கப் பூசிக்கொள்ளச் சொல்லி எண்ணெய்ப் போத்தலை நீட்டுகிறார் வீட்டுக்காரர். பயம் போய், பேயில் இரக்கமே வந்துவிடும். கொஞ்சம் நீளம், இரண்டு இரவாக வாசியுங்கள்.

ஏறாவூர்: தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிகிற கதை?

ஆங்கில எழுத்தாளர் சாகியின் ‘திறந்த யன்னல்’. சில பக்கங்கள்தான். கடைசி வரியை முன்கூட்டியே பார்த்துவிடாதீர்கள்.

வாழைச்சேனை: எங்கள் வீடு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்.

அப்படியென்றால் டிக்கன்ஸின் ‘சிக்னல்காரர்’ உங்களுக்கென்றே எழுதியதுபோல இருக்கும், தம்பி. 1865இல் ஒரு ரெயில் விபத்தில் உயிர்தப்பியவர் அவர். மறுவருடம் இதை எழுதினார். சுரங்க வாயில், சிவப்பு விளக்கு, அதனடியில் ஓர் உருவம். கடைசி ரெயில் போனபிறகு வாசியுங்கள்.

அக்கரைப்பற்று: தமிழிலேயே எழுதியது வேண்டும்.

புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’. ஓர் எழுத்தாளரின் மனைவி, பிச்சைக்காரி ஒருத்தியை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் நடக்கிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டு இரவுகள் பழையபடி இல்லை. மயானத்துக்கும் பாழடைந்த பங்களாவுக்கும் போகாமல், நாம் படுக்கும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பயத்தைக் கொண்டுவந்து வைக்கிறார். அவள் யார் என்று கடைசிவரை விளக்குவதில்லை. எத்தனை தடவை வாசித்தும் எனக்கு அந்த இடம் அலுக்கவில்லை. முதல் வாசிப்பைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் தனியாக வேண்டாம்.

கல்முனை: ‘குரங்குக் கை’ என்ற கதையை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டலாமா?

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் எழுதியது. மூன்று வரம் தரும் காய்ந்த குரங்குக் கை. பேய் கண்ணிலேயே படாது; கதவு தட்டும் சத்தம் மட்டும்தான். அருமையான கதை. ஆனால் அது பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தகப்பனின் கதை, மகள். 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு நம் கரையோர வீடுகளில் அதைச் சும்மா பொழுதுபோக்காக வாசிக்க எனக்கு மனம் வராது. அம்மம்மாவிடம் முதலில் விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள். வேண்டாம் என்றால், அவருடைய சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்த கதையைச் சொல்லச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.