வாஷிங் மெஷின் தண்ணீரை நிறுத்தும்போது குழாய் ஏன் இடிக்கிறது? கேள்வி-பதில்

கேள்வி: தாம்பரத்தில் இரண்டாம் தளத்தில் குடியிருக்கிறோம். வாஷிங் மெஷின் தண்ணீர் எடுத்து நிறுத்தும் ஒவ்வொரு முறையும் சுவருக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் 'டம்' என்று கேட்கிறது. மெஷினைப் பார்க்க வந்தவர் குழாயில்தான் கோளாறு என்கிறார்; பிளம்பரோ மெஷினைக் காட்டுகிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மெஷினின் பின்புறம் ஹோஸ் சேரும் இடத்தில், மின்காந்தத்தால் இயங்கும் சிறிய வால்வு ஒன்று உண்டு. நாம் கையால் குழாயை மூட ஓரிரு வினாடியாவது ஆகும். அந்த வால்வோ, மின்சாரம் நின்றதும் கண் இமைப்பதற்குள் மூடிக்கொள்ளும். அதுவரை ஓடிவந்த தண்ணீர் சட்டென்று முட்டி நிற்கும்போது, அதன் வேகம் அழுத்தமாக மாறி, குழாய் நெடுக அலையாகப் போய்த் திரும்புகிறது. குழாய் எங்கே பிடிமானம் இல்லாமல் இருக்கிறதோ, அங்கே சுவரில் மோதுகிறது. இதற்குத்தான் வாட்டர் ஹேமர் என்று பெயர்.

இந்த அழுத்தம், ஓடிக்கொண்டிருந்த தண்ணீரின் வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடும் என்பதை ரஷ்ய விஞ்ஞானி நிக்கோலாய் ஷுகோவ்ஸ்கி மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதித்து 1898-இல் வெளியிட்டார். அரை அங்குலக் குழாயில் நிமிடத்துக்கு 10 லிட்டர் வந்தால், தண்ணீர் வினாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கொள்ளலாம். அது ஒரே கணத்தில் நின்றால், ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் 12 பார் அளவுக்கு அழுத்தம் எகிறக்கூடும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). 120 மீட்டர் உயரத்தில் தொட்டி வைத்தால் கிடைக்கும் அழுத்தம் அது. சிபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாய் சற்று நெகிழ்ந்து கொடுப்பதால், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வரும்.

ஆகவே, எதையும் வாங்குவதற்கு முன் தண்ணீரின் வேகத்தைக் குறையுங்கள். மெஷினுக்குப் போகும் ஹோஸ் சுவரில் சேரும் ஆங்கிள் வால்வைச் சிறிது சிறிதாக மூடி, சத்தம் தணியும் இடத்தில் நிறுத்துங்கள். மெஷின் நிரம்பக் கூடுதலாக ஓரிரு நிமிடம் ஆகும், அவ்வளவுதான். அளவு மீறி மூடினால், தண்ணீர் வரவில்லை என்று மெஷின் பிழை காட்டி நின்றுவிடும். அப்போது கொஞ்சம் திறந்துவிடுங்கள்.

கேள்வி: நான்கு ஆண்டுகளாக எந்தச் சத்தமும் இல்லை. மொட்டைமாடியில் பிரஷர் பம்ப் வைத்த பிறகுதான் மெஷின் ஓடும்போதெல்லாம் குழாய் இடிக்கிறது. பம்ப் பழுதா? (கோவை வாசகர்)

பதில்: பம்ப் பழுதாக இருக்க வேண்டியதில்லை. எனக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன. மேல்நிலைத் தொட்டி குழாயிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் 0.4 பார்தான்; பம்ப் அதை 2 பாருக்கு மேல் கொண்டுபோகும்போது, அதே குழாயில் தண்ணீரின் வேகமும் கூடிவிடுகிறது.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கும். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில், கேட் வால்வை அடுத்து, தொட்டியைவிட உயரமாக ஒரு ஏர் பைப் நிறுத்தியிருப்பார்கள். காற்றை வெளியேற்றுவதற்கென வைக்கப்பட்டாலும், திரும்பி வரும் அழுத்த அலைக்கும் அதுவே வடிகாலாக இருந்தது. பம்ப் பொருத்தும்போது, அதன் வழியே தண்ணீர் பீய்ச்சும் என்பதால் மூடி போட்டு அடைத்துவிடுவார்கள். அப்படிச் செய்வது தவறில்லை. ஆனால் போன வடிகாலுக்கு ஈடாக வேறொன்று வைக்க வேண்டும், அதைத்தான் பலர் செய்வதில்லை.

உங்கள் பம்பில் பிரஷர் டேங்க் இருந்தால், அதற்குள் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். பம்பை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை முழுவதும் வடித்த பின், டேங்கில் உள்ள சைக்கிள் டியூப் போன்ற வால்வில் அழுத்தமானியை வைத்து அளக்கலாம். பம்ப் 1.4 பாரில் ஓடத் தொடங்கினால், காற்று 1.2 பார் இருக்க வேண்டும். வால்வை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால், உள்ளே இருக்கும் ரப்பர் பை கிழிந்துவிட்டது என்று பொருள்.

கேள்வி: மெஷின் அருகே குழாயில் ஒரு டீ (மூன்று வழி இணைப்பு) போட்டு, ஒன்றரை அடிக் குழாயை நிமிர்த்தி, மேலே மூடிவிட்டால் போதும் என்கிறார் பிளம்பர். நம்பலாமா?

பதில்: நம்பலாம், ஆனால் நிரந்தரத் தீர்வு இல்லை. அந்தக் குழாய்க்குள் அடைபட்ட காற்று மெத்தைபோல் அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். நாளாக ஆக, அந்தக் காற்று தண்ணீரில் கரைந்து போய்விட, குழாய் நிரம்பி, பழையபடி சத்தம் வரும். அப்போது மெயின் வால்வை மூடி, தண்ணீரை முழுவதும் வடித்து, மறுபடி காற்றை நிரப்ப வேண்டும்.

அரெஸ்டர் என்று கேட்டால் கிடைக்கும் சிறிய உருளையில், பிஸ்டன் ஒன்று காற்றையும் தண்ணீரையும் பிரித்தே வைத்திருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. முக்கால் அங்குல மரையுள்ளதாக வாங்கி, ஆங்கிள் வால்வுக்கும் ஹோஸுக்கும் நடுவே கையாலேயே முடுக்கிவிடலாம். சுவரை உடைக்க முடியாத வாடகை வீட்டாருக்கு நான் இதையே சொல்வேன். மெஷினை ஒட்டி வைத்தால்தான் பலன். மாடியில் வைத்துப் பயனில்லை.

கேள்வி: துணி பிழியும்போது மட்டும் சுவர் அதிர்கிறது. இதற்கும் அரெஸ்டர் வேண்டுமா?

பதில்: வேண்டாம். பிழியும்போது தண்ணீர் உள்ளே வருவதில்லை. மெஷினின் கால்கள் நான்கும் தரையில் சமமாக நிற்கின்றனவா, ஹோஸ் சுவரில் உரசுகிறதா என்று பாருங்கள். புது மெஷினாக இருந்தால், பின்புறப் போக்குவரத்துப் போல்ட்டுகளைக் கழற்றினார்களா என்றும் பார்க்க வேண்டும்.

கேள்வி: சத்தத்தைப் பொறுத்துக்கொள்கிறோம். விட்டுவிட்டால் ஆபத்து உண்டா? (மதுரை வாசகர்)

பதில்: விடாதீர்கள். ஒரு வீட்டில் பின்புறச் சந்தில் இறங்கும் சிபிவிசி குழாயைப் பார்த்தேன். கிளாம்பின் திருகு சுவரிலிருந்து ஒரு விரல் அளவு வெளியே வந்து தொங்கியது; செங்கல் முனையில் பட்ட இடத்தில் குழாய் தேய்ந்து, நகத்தை வைத்தால் பதியும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. ஒவ்வொரு சலவைக்கும் மெஷின் பலமுறை தண்ணீர் எடுத்து நிறுத்துவதால், எல்போவில் (குழாய் வளையும் முழங்கை இணைப்பில்) பசை போட்டு ஒட்டிய இணைப்புகளும் அத்தனை முறை அடி வாங்குகின்றன. சுவருக்குள் புதைத்த குழாயில் அப்படி ஒரு இணைப்பு விட்டால், பக்கத்து அறையில் வண்ணம் உப்பும்போதுதான் தெரியவரும்.

வெளியே தெரியும் அரை அங்குல, முக்கால் அங்குல சிபிவிசி குழாய்களுக்குப் படுக்கைவாட்டில் 3 அடிக்கு ஒரு கிளாம்ப் இருக்க வேண்டும். வெயிலில் குழாய் நீளும் என்பதால், கிளாம்ப் அதை நெரிக்காமல் பிடித்தால் போதும். மெஷின் தண்ணீர் எடுக்கும் நேரத்தில் ஒருவர் குழாயில் கை வைத்துக்கொண்டு நின்றால், எந்த இடம் துள்ளுகிறது என்பது உடனே தெரியும். அங்கே முதல் கிளாம்பை அடியுங்கள்.