டப்பாவில் கிடக்கும் பல் செட்

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. 15 வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார். பற்கள் ஆடிப்போய் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டது. போன தீபாவளிக்கு முன்னால் மேலும் கீழும் செட் செய்து கொடுத்தோம். மேல் செட்டை விசேஷத்துக்குப் போட்டுக்கொள்வார், கீழ் செட் டப்பாவில் கிடக்கிறது. இப்போது வேறொரு டாக்டரைப் பார்த்தோம். புது செட், கீழே தாடை எலும்பில் இரண்டு இம்ப்ளாண்ட் (பல் வேருக்குப் பதிலாகப் பதிக்கிற திருகு) வைத்து அதன்மேல் மாட்டுகிற செட், நான்கு இம்ப்ளாண்டில் கழற்றவே வேண்டாத பல் என்று மூன்று வழி சொன்னார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, இருப்பதிலேயே உசத்தியானதைச் செய், பணம் அனுப்புகிறேன் என்கிறான். தங்கை, புது செட்டே போதும் என்கிறாள். அம்மாவோ, "இன்னும் எத்தனை நாளைக்குப்பா, எதுவும் வேண்டாம்" என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு வாசகர், ஈரோடு

பதில்: மூன்று வழியையும் அப்புறம் பார்க்கலாம் தம்பி. கீழ் செட் ஏன் டப்பாவில் கிடக்கிறது?

அதை அரை வரியில் எழுதிவிட்டு அடுத்த டாக்டரிடம் தாவிவிட்டீர்கள். இத்தனை மாதமாக உங்கள் அம்மா கடிக்க ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார், வீட்டில் யாராவது "எங்கேம்மா குத்துது?" என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் அந்தப் பதில் கடிதத்தில் இருந்திருக்கும். உரசுகிறதா, புண்ணாகிறதா, பேசும்போது தூக்குகிறதா, ஒரு விவரமும் காணோம். தம்பி சொன்னது இருக்கிறது, தங்கை சொன்னது இருக்கிறது. வாய் யாருடையதோ அவர் பங்குக்கு ஒரு "வேண்டாம்".

நானும் மேலும் கீழும் செட் போட்டிருப்பவள்தான், எனக்கு இந்தக் கதை தெரியும். மேல் செட் அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கீழ் செட்டுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. அது லாடம் மாதிரி ஒரு வளைவு, நடுவில் நாக்கு வேறு சும்மா இருக்காமல் தள்ளிக்கொண்டே இருக்கும். போதாததற்குப் பல் எடுத்த இடத்தில் எலும்பு கரையும், மேல்தாடையை விடக் கீழே பல மடங்கு அதிகமாக. அதனால் கீழ் செட் வாங்கி வந்த அன்றே ஒழுங்காக உட்காருவது அபூர்வம். மறுநாளே ஈறில் எங்காவது உரசிப் புண் வரும், போய் அந்த இடத்தை ராவிக்கொண்டு வரவேண்டும், இரண்டு நாள் கழித்து இன்னொரு இடம் உரசும், மறுபடியும் போகவேண்டும். நான் நான்கு தடவை படியேறினேன். கடைசித் தடவை டாக்டர் முகத்தில் அலுப்பு நன்றாகவே தெரிந்தது, எனக்கென்ன, காசு கொடுத்திருக்கிறேன்.

உங்கள் அம்மா எத்தனை தடவை போனார்? ஒரு தடவைகூடப் போயிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். பையன் ஆபீசுக்கு லீவு போடவேண்டி வரும், இப்போதுதான் இவ்வளவு செலவு செய்தான், மறுபடி குத்துகிறது என்று எப்படிச் சொல்வது என்று டப்பாவில் போட்டு மூடியிருப்பார். அம்மாக்கள் காலகாலமாகச் செய்கிற வேலை இது. அந்த மௌனத்தை வசதியாக எடுத்துக்கொள்வது பிள்ளைகள் காலகாலமாகச் செய்கிற வேலை. "இன்னும் எத்தனை நாளைக்கு" என்பதற்கும் இதுதான் அர்த்தம், உங்களை இன்னொரு முறை அலையவைக்க அவருக்கு மனசு வரவில்லை. 68 எல்லாம் ஒரு வயதா?

சரி, மூன்று வழிக்கு வருகிறேன். உங்கள் தம்பி ஆசைப்படுகிற கழற்றாத பல் நல்லதுதான், பணம் இருந்தால் மட்டும் போதாது. ஆபரேஷன், திருகு எலும்போடு ஒட்ட மாதக்கணக்கில் காத்திருப்பு, அதற்கப்புறம் பல்லுக்கு அடியில் சேருகிற சோற்றையும் கீரையையும் தினமும் குட்டி பிரஷ் விட்டு எடுக்கிற பாடு. இம்ப்ளாண்டில் சொத்தை விழாது, ஆனால் சுற்றியுள்ள ஈறு அழுகினால் எலும்பு கரைந்து திருகே ஆட ஆரம்பிக்கும், கட்டுப்படாத சர்க்கரை இருந்தால் அந்த ஆபத்து இன்னும் கூடுதல். 1965ல் ஸ்வீடனில் டைட்டேனியம் திருகில் முதன்முதலாகப் பல் கட்டிக்கொண்டவருக்கு அது 40 வருடத்துக்கு மேல், சாகும்வரை நின்றது. ஒரு செட்டை ராவக்கூட ஆள் துணைக்கு வராத வீட்டில் நான்கு வருடம் நிற்குமா? காசைத் தாடையில் புதைத்த கதையாகிவிடும்.

நீங்கள் சொன்ன விவரத்துக்கு என் ஓட்டு இரண்டு இம்ப்ளாண்டுக்கு. 2002ல் மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு முதலில் யோசிக்கவேண்டியது இதைத்தான் என்று சொல்லிவிட்டார்கள். செட் தூக்காது, ராத்திரி கழற்றிக் குழாயடியில் கழுவித் தண்ணீரில் போட்டு வைக்கலாம். உள்ளே பிடித்துக்கொள்ளும் வளையம் தேயும், அவ்வப்போது போய் மாற்றவேண்டும். மூன்று மாதச் சர்க்கரை அளவையும், எலும்பு போதுமா என்று ஸ்கேனையும் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவற்றில் சில தாடைப் புண்ணை ஆறவிடாது. சர்க்கரை கட்டுக்குள் வரவில்லை, எலும்பு இல்லை என்றால் உங்கள் தங்கை சொன்ன புது செட், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. பழைய செட்டுக்கே உள்பக்கம் புது அடுக்கு கொடுத்துச் சரிசெய்ய முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

எதைச் செய்தாலும் கூடப் போகிற ஆள் நீங்கள். மனைவி தலையில் கட்டிவிட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போகிற வேலை வேண்டாம், பெற்றது உங்களை. பணம் அனுப்புகிற தம்பியும் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, மால் சுற்றுகிற ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு ஒருமுறை கூட்டிப்போகட்டும்.

இன்று ராத்திரி டப்பாவைத் திறந்து அந்தக் கீழ் செட்டை எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். டாக்டரிடம் போகிற அன்று காலையில், பொறுக்க முடிகிறவரை அதை அம்மாவைப் போட்டிருக்கச் சொல்லுங்கள், உரசிச் சிவந்த இடம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் கோளாறு எங்கே என்று அவரால் பார்க்க முடியும். டாக்டர் கேட்கிற கேள்விக்கு நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். அம்மா விரல் வைத்துக் காட்டுவார்.