கொம்பு முதலில் வரட்டும்

அண்ணாச்சிக்கு வணக்கம்,

நண்பர்கள் சேர்ந்து 22 நிமிடப் பேய்ப்படம் ஒன்று எடுத்திருக்கிறோம். பெயர் ‘கொல்லை’. புளியரையிலிருந்து மலையேறி, கேரளத்து ஆரியங்காவுப் பக்கம் ஒரு பழைய வீட்டுக்குக் குடிபோகும் குடும்பத்தின் கதை. டைட்டில் மட்டும் 2 நிமிடம் 40 நொடி. அந்த மலைச்சாலையின் எஸ் வளைவை ட்ரோனில் எடுத்த காட்சிகள், அடியில் ஓர் உறுமல், ரத்தம் சொட்டும் எழுத்தில் தமிழும் மலையாளமுமாக 14 கார்டுகள், கடைசியில் ஓர் அலறல். போட்டுக் காட்டினால் ‘ரோடு நல்லா இருக்குல்லா’ என்கிறார்கள். ஒருவரும் பயப்படவில்லை. எங்கே பிசகு?

வாசகர், செங்கோட்டை

அன்புள்ள தம்பி,

ரோடு நன்றாக இருக்கிறது என்றவர்கள் பொய் சொல்லவில்லை. உங்கள் ட்ரோன் மரங்களுக்குப் பின்னாலிருந்து எழும்பி, முழு வளைவையும் ஒரே வீச்சில் காட்டிவிடுகிறது. சுற்றுலா விளம்பரம் செய்கிற வேலை அது. இடம் முழுதாகத் தெரிந்துவிட்டால் பார்ப்பவன் நிம்மதியாகிவிடுவான்.

‘தி ஷைனிங்’ (1980) தொடக்கமும் மலைப்பாதைதான். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து கிளேசியர் தேசியப் பூங்காவில் ஹெலிகாப்டரிலிருந்து எடுத்தது. அங்கே கேமரா ஒரு மஞ்சள் காரைப் பின்னாலிருந்து துரத்துகிறது. காருக்குள் இருப்பவர் முகம் தெரியாது. ஒரு கட்டத்தில் கேமரா காரை முந்தி, சாலையை விட்டு விலகிப் பள்ளத்தின் மேலே போய்விடுகிறது. மனிதர் யாரும் அப்படிப் பார்க்க முடியாது. அப்படியானால் பார்ப்பது யார்? பயம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. பெயர்களும் வழக்கமான டைட்டில் போலத் தோன்றி மறைவதில்லை. படம் முடிந்தபின் ஓடுவதுபோல் கீழிருந்து மேலே ஏறுகின்றன. கதை தொடங்கும்போதே முடிந்துவிட்ட மாதிரி ஓர் உறுத்தல். இசைக்கு அடிப்படை, இறந்தோருக்கான திருப்பலியில் பாடப்பட்டுவந்த பழைய லத்தீன் பாட்டு. அதன் பொருள் தெரியாதவருக்கும் அந்த மெட்டு இறங்கி இறங்கிப் போவது காதில் ஏறும்.

ஆகவே எழும்புகிற ஷாட்டுகளை வெட்டிவிடுங்கள். குடும்பம் வரும் வண்டியின் பின்னால், மாறாத உயரத்தில், மாறாத வேகத்தில் போகும் ஷாட் ஒன்று போதும். இருந்தால் அதையே நீளமாக விடுங்கள். மறுபடி எடுப்பதானால் ஒன்று: கோட்டைவாசல் தாண்டினால் காடு, வனத்துறையிடம் கேட்காமல் ட்ரோனை ஏற்றாதீர்கள்.

அடுத்தது உறுமல். நீங்கள் சேர்த்தது 40 ஹெர்ட்ஸ் பக்கமுள்ள மிகத் தாழ்ந்த ஒலி. கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது. ஹெட்போனில் எடிட் செய்த உங்களுக்குக் கேட்டது, கைபேசியில் பார்த்தவர்களுக்கு வெறும் ரோடு. அதே ஒலியின் நகலை 160, 320 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தி மெலிதாக மேலே வையுங்கள். அதைவிட நல்லது உங்கள் கதையிலேயே இருக்கிறது: கொல்லைக் கிணற்றின் கப்பி. எண்ணெய் காணாத கப்பி கிறீச்சிடுவது எந்த ஸ்பீக்கரிலும் கேட்கும்.

அந்தக் கப்பிக்கு ஒரு கணக்கு வேண்டும். ‘ஹாலோவீன்’ (1978) டைட்டிலில் இருப்பதெல்லாம் கறுப்புத் திரை, உள்ளே விளக்கெரியும் ஒரு பூசணி, ஒரு பியானோ. கேமரா பூசணியை நோக்கி மெல்ல நகரும், அவ்வளவுதான். பியானோ ஐந்தின் கணக்கில் ஓடுகிறது. இரண்டு ஐந்தைச் சேர்த்துப் பத்தாகப் பிரித்தால் தகிட தகிட தக தக. நாலுக்குப் பழகிய மேற்கத்தியக் காது அதில் தடுமாறும். ஐந்தெண்ணிக்கைத் தாளமான கண்ட சாபும் கேரளத்துச் செண்டை மேளமும் கேட்டு வளர்ந்த நம் ஆட்களிடம் ஐந்து மட்டும் எடுபடாது. ஆனால் நிற்காமல் திரும்பத் திரும்ப வரும் ஒன்று எல்லோரையும் பிடிக்கும். கப்பியை மூன்று நொடிக்கு ஒருமுறை கிறீச்சிட வையுங்கள். ஆறேழு முறை கேட்டபின் காது தானாக எதிர்பார்க்கும். அப்போது ஒருமுறை மட்டும் சத்தம் வராமல் விட்டுவிடுங்கள். அலறல் வேண்டவே வேண்டாம். அதுவரை சேர்த்த பதற்றமெல்லாம் அந்த ஒரு சத்தத்தில் இறங்கிவிடும்.

நீளத்துக்கு வருவோம். 22 நிமிடத்தில் 2 நிமிடம் 40 நொடி என்றால், இரண்டரை மணி நேரப் படத்தில் 18 நிமிடம் டைட்டில் போட்ட கணக்கு. 14 கார்டை ஏழாக்குங்கள். ஒவ்வொன்றும் 3 நொடி, அதாவது நொடிக்கு 24 வீதம் 72 ஃபிரேம். இடையில் 36 ஃபிரேம் வெறுமை. ஐந்தாவது கார்டுக்குப் பின் மட்டும் அந்த வெறுமையை 72 ஆக்குங்கள். கப்பி நிற்பதும் அங்கேதான். ஒரே கார்டில் இரண்டு மொழி வைத்ததால் கண் அலைகிறது. உங்கள் ஊரில் பாதிப்பேர் இரண்டையும் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள், அதனால் இன்னும் தாமதம். செங்கோட்டைக்குத் தமிழில் ஒன்று, புனலூருக்கு மலையாளத்தில் ஒன்று எனத் தனித்தனிப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துதான் எனக்குப் பெரிய வருத்தம். ஆங்கில எழுத்தின் கீழே ரத்தம் சொட்டினால் அது ரத்தம். தமிழில் கீழே தொங்கும் கோடு எழுத்தையே மாற்றும். உங்கள் ஒளிப்பதிவாளர் பெயரில் உள்ள ‘ப’வை நான் முதலில் ‘பு’ என்றே படித்தேன்.

‘ஏலியன்’ (1979) டைட்டிலில் பெயர் ஒரே தடவையில் வராது. விண்வெளிக்கு மேலே கோடுகோடாக முளைக்கும். என்ன சொல் என்பது பிந்தித்தான் பிடிபடும். தமிழுக்கு இந்த உத்தி இன்னும் பொருந்தும். ‘கொல்லை’யை எடுங்கள். முதலில் இடப்பக்கக் கொம்பு தனியாக நிற்கட்டும். பிறகு ‘க’. இப்போது அது ‘கெ’. பிறகு கால் வந்து ‘கொ’ ஆகும். அடுத்து ‘ல’, அதன்மேல் புள்ளி. திரையில் இருப்பது ‘கொல்’. நாலு நொடி அப்படியே விடுங்கள். அதன்பிறகு ‘லை’ வரட்டும், சொல்லின் பொருள் வீட்டின் பின்புறம் என்று மாறிவிடும். இவ்வளவு நல்ல பெயரை ரத்தத்தில் தோய்த்து வைத்திருக்கிறீர்கள்!

செய்யும்போது கவனம்: கொம்பைத் தனியாகத் தட்டினால் பக்கத்தில் ஒரு புள்ளிவட்டம் ஒட்டிக்கொள்ளும். முழுச் சொல்லையும் தட்டி, அதை வடிவமாக மாற்றி, துண்டுகளைப் பிரித்து அசையுங்கள். எடிட் மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கான வசதியை முன்பே இயக்குங்கள். இல்லாவிட்டால் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்து மெலிதாக வேண்டாம், கைபேசியில் புள்ளி காணாமல் போகும். ‘கொல்’லில் புள்ளி போனால் எல்லாம் போச்சு.

நன்றி சொல்லும் நாலு கார்டுகளையும் கடைசிக்குத் தள்ளுங்கள். வீடு கொடுத்தவர் கோபித்துக்கொள்வார் என்றால், அங்கே அவர் பெயரை முதலாவதாகப் போடுங்கள்.

அன்புடன்.