ஓடும்போது ஆஃப் ஆகும் கார்: அடுத்த பில் கட்டுவதற்கு முன்னால்

கேள்வி: என்னுடையது 2014 மாடல் பெட்ரோல் கார். போன வருடம் இரண்டாவது ஓனராக வாங்கினேன். விழுப்புரத்திலிருந்து மாதம் இரண்டு முறை சென்னைக்குப் போவேன். கிளம்பி ஒரு மணி நேரத்தில், பெரும்பாலும் மேல்மருவத்தூர் பக்கம், ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவிட்சை அணைத்த மாதிரி இன்ஜின் ஆஃப் ஆகிவிடுகிறது. செல்ஃப் நன்றாக அடிக்கிறது, ஸ்டார்ட் மட்டும் ஆவதில்லை. அரை மணி நேரம் நின்றால் எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. பெட்ரோல் பம்ப் மாற்றினார்கள், பிளக்கும் காயிலும் மாற்றினார்கள், கடைசியாக பேட்டரி. மூன்று பில்லும் சேர்த்து 19,900 ரூபாய். போன வாரம் இரவு ஒன்பது மணிக்கு அம்மாவுடன் மறுபடி நடுரோட்டில் நின்றேன். இந்த வண்டியை விற்றுவிடலாமா?

பதில்: விற்க வேண்டாம். குறைந்தபட்சம் இப்போது வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது, மூன்று பில் போட்டவர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

பெட்ரோல் குறைந்து நிற்கும் வண்டி பொதுவாக முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் நிற்கும். திணறும், இழுக்காது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் குலுக்கும், அப்புறம்தான் ஆஃப் ஆகும். சுவிட்சை அணைத்த மாதிரி சட்டென்று நிற்பது பெரும்பாலும் கரன்ட் சம்பந்தப்பட்டது. சூடானால் நிற்பது, ஆறினால் ஓடுவது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால் என் முதல் சந்தேகம் கிராங்க் சென்சார் மேல்தான். இன்ஜின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சின்னப் பொருள் அது. அந்தத் தகவல் வரவில்லை என்றால் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கும் கொடுக்காது, பெட்ரோலும் தெளிக்காது. இன்ஜினோடு ஒட்டியே உட்கார்ந்திருப்பதால் வருடக்கணக்கில் சூடு பட்டு உள்ளே இருக்கும் கம்பியோ எலக்ட்ரானிக்ஸோ பலவீனமாகிவிடும், சூட்டில் தொடர்பு விட்டுப்போய் ஆறியதும் சேர்ந்துகொள்ளும். உங்கள் வண்டி செய்வது அச்சு அசலாக இதுதான். ஆனால் இதுவும் ஊகம்தான். என் பேச்சைக் கேட்டு சென்சாரை வாங்கி மாட்டினால் அது நாலாவது பில், அவ்வளவுதான் வித்தியாசம். முதலில் சோதித்துப் பாருங்கள்.

வண்டி நின்ற அந்த அரை மணி நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி. வொர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேரும்போது வண்டி ஆறி நல்ல பிள்ளையாகிவிடும், மெக்கானிக்குக் கையில் எதுவும் சிக்காது. அதனால் அடுத்த முறை நின்றால் பதறாமல் வரிசையாகக் கவனியுங்கள். நின்ற கணத்தில் டாஷ்போர்டு மொத்தமாக இருண்டுபோனதா, இல்லை ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் எரிந்தனவா? மொத்தமும் இருண்டால் பேட்டரி டெர்மினல், மெயின் ஃபியூஸ், சாவி போடும் சுவிட்ச் என்று வேறு திசையில் தேட வேண்டும். (சாவிக்கொத்தில் பத்து சாவியும் ஒரு பொம்மையும் தொங்கவிட்டால் அந்த சுவிட்ச் தேய்ந்துபோகும், இப்படி நின்ற வண்டிகள் உண்டு.) அடுத்து ஏசி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள். பின்சீட்டுப் பக்கமிருந்து இரண்டு மூன்று வினாடி 'ங்ங்' என்று மோட்டார் சத்தம் வர வேண்டும். வந்தால் பம்புக்குக் கரன்ட் போகிறது, பம்ப் சுற்றுகிறது என்று அர்த்தம். வரவில்லை என்றால் பம்ப் ரிலே (பம்புக்குக் கரன்ட் அனுப்பும் சின்ன சுவிட்ச்), ஃபியூஸ், வயர், அப்புறம்தான் பம்ப். பல வண்டிகளில் பழுதான ரிலேவுக்காக நல்ல பம்பையே மாற்றிவிடுகிறார்கள். சாவி ஆன் ஆனதும் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) விளக்கு விடாமல் மின்னுகிறதா என்றும் பாருங்கள், மின்னினால் சாவியை வண்டி அடையாளம் காணவில்லை.

இப்போது முக்கியமானது. செல்ஃப் அடித்துக்கொண்டே ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். நிறைய கார்களில் செல்ஃப் அடிக்கும்போது முள் கொஞ்சமாவது எழும்பும். இன்ஜின் சுற்றுகிறது, முள் பூஜ்யத்திலேயே படுத்திருக்கிறது என்றால் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் பலமாகும். எல்லா வண்டியிலும் முள்ளை நம்ப முடியாது, அதனால் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் புளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனையுள்ள பிளக் இருக்கும், அதில் சொருகிப் போனில் பார்க்கலாம். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் எவ்வளவு காட்டுகிறது, பழுதைக் குறிக்கும் எண் (கோடு) ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பி0335 வந்தால் கிராங்க் சென்சார் மின்சுற்று, பி0340 வந்தால் கேம் சென்சார் (வால்வுகளைத் திறக்கும் தண்டின் நிலையைச் சொல்வது) மின்சுற்று. 'சுற்று' என்று சொல்வதைக் கவனியுங்கள், சென்சார் நன்றாக இருந்து வயரோ பிளக்கோ கெட்டிருந்தாலும் அதே கோடுதான் வரும்.

இதையெல்லாம் செய்வதற்கு முன் உங்கள் உயிர் முக்கியம். ஓடும்போது ஆஃப் ஆனால் ஸ்டீயரிங் கனமாகும், பிரேக் இரண்டு மூன்று மிதி வரைக்கும்தான் இலகுவாக இருக்கும், அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்துங்கள். வண்டி நகரும்போது சாவியைக் கழற்றாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். நியூட்ரல், ஹசார்டு விளக்கு, இடது ஓரம். அம்மாவை இடதுபக்கக் கதவு வழியாக இறக்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033க்கு அழைத்தால் உதவி வரும். ரோட்டின் நடுவில் நின்றுவிட்டால் சோதனை எதுவும் வேண்டாம், ஓரத்துக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வொர்க்‌ஷாப்பில் ஜாப் கார்டில் 'ஸ்டார்ட்டிங் பிராப்ளம்' என்று எழுத விடாதீர்கள். 'ஒரு மணி நேரம் ஓடியபின் ஆஃப் ஆகிறது, செல்ஃப் அடிக்கிறது, ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது' என்று முழுசாக எழுதச் சொல்லுங்கள். சென்சாரை ஹாட் ஏர் கன்னால் சூடாக்கிப் பார்த்தால் பழுது அங்கேயே வெளிப்படும். வண்டி நின்ற நேரத்தில் மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் ஈரத்துணியால் சென்சாரைக் குளிரவைத்து ஸ்டார்ட் ஆகிறதா என்றும் பார்ப்பார். பெட்ரோல் பிரஷரை கேஜ் போட்டு அளக்கச் சொல்லுங்கள். இது எதையும் செய்யாமல் 'மாத்திப் பாப்போம் சார்' என்று சொல்பவரிடம் வண்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். எந்தப் பொருளை மாற்றினாலும் பழையதைக் கையில் கேளுங்கள். சென்சாருக்கு ஆகும் செலவு பம்புக்கு ஆனதில் ஒரு சின்னப் பங்குதான் இருக்கும்.

கேள்வி: (அதே வாசகர்) கொடுத்த 19,900 திரும்ப வருமா?

பதில்: முழுசாக வரும் என்று ஆசை காட்ட மாட்டேன். பேட்டரி நிஜமாகவே பழசாகியிருந்தால் அந்தப் பணத்தைக் கேட்பது கஷ்டம். ஆனால் சோதிக்காமலே பம்பை மாற்றியது சேவைக் குறைபாடு என்று வாதாட இடமிருக்கிறது, அதற்கு ஆதாரம் வேண்டும். வேறொரு வொர்க்‌ஷாப்பில் பழுது இன்னதுதான் என்று கண்டுபிடித்ததும் அதை லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். அதையும் மூன்று பில்லையும் வைத்து முதல் வொர்க்‌ஷாப்புக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பல இடங்களில் இந்தக் கட்டத்திலேயே பேச்சுக்கு வருவார்கள். வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதனால் பில் தேதிகளைக் குறித்து வையுங்கள்.

கேள்வி: டீசல் வண்டி, ஏற்காடு ஏறும்போது இழுக்காமல் திணறி நின்றது. இதுவும் சென்சாரா?

பதில்: திணறி நின்றது என்பதால் முதலில் டீசல் ஃபில்டரைப் பாருங்கள். அடைத்திருக்கலாம், தண்ணீர் சேர்ந்திருக்கலாம், லைனில் காற்று புகுந்திருக்கலாம். ஏற்றத்தில் இன்ஜின் அதிக டீசல் கேட்கும்போதுதான் இந்தக் குறை தெரியும். ஃபில்டரை எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லை என்றால் அதிலிருந்தே தொடங்கலாம்.

கேள்வி: பழைய கார் வாங்கப் போகிறேன். இந்த மாதிரிக் குறையை முன்பே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் கண்டிப்பாகத் தெரியாது. விற்பவர் முகம் சுளித்தாலும் முக்கால் மணி நேரம் ஏசி போட்டு ஓட்டுங்கள், பத்து நிமிடம் நிறுத்துங்கள், சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்கேனர் போடும்போது கோடு இல்லை என்றதும் திருப்தியாகிவிடாதீர்கள், விற்பதற்கு முந்தின நாள் அழித்திருக்கலாம். அழித்தால் வண்டியின் சுயசோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டும், கோடு அழித்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதும் பல வண்டிகளில் தெரியும். அது 15 கிலோமீட்டர் என்றிருந்தால் ஏன் அழித்தீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். இன்னொன்று, தனிநபர் தன் சொந்தக் காரை விற்றால் நுகர்வோர் ஆணையத்தில் பெரிதாக வழியில்லை, வியாபாரியிடம் வாங்கினால் உண்டு. 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வியாபாரிகள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அதைக் காட்டச் சொல்லுங்கள்.