டேஸ்டர் டிரேயில் எது முதலில்?

கேள்வி: பெங்களூரு இந்திராநகரில் ஒரு மைக்ரோபிரூவரிக்கு (சொந்தமாக பீர் தயாரித்து அங்கேயே விற்கும் இடம்) நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். ஆறு சின்ன கிளாஸ் வைத்த டேஸ்டர் டிரே உண்டாம். எதை எடுப்பது, எதை முதலில் குடிப்பது?
– ஓசூர் வாசகர்

பதில்: கோதுமை பீரில் ஆரம்பியுங்கள். மெனுவில் ஹெஃபவைசன் என்று இருக்கும். அதில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும், ஆனால் இரண்டையும் யாரும் போடவில்லை, எல்லாம் ஈஸ்ட் பார்க்கிற வேலை. அடுத்தது பெல்ஜியன் விட். கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்தது, நம் நாக்குக்குச் சட்டென்று பிடித்துவிடும். ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்ற கசப்பான பீரைக் கடைசிக்குத் தள்ளுங்கள், அதில் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்பு நாக்கில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் கோதுமை பீரெல்லாம் வெறும் தண்ணீர்தான். மெனுவில் ஐபியு என்று ஓர் எண் போட்டிருந்தால் அது கசப்பின் அளவு: ஹெஃபவைசன் பெரும்பாலும் 15-க்குள், ஐபிஏ 40-க்கு மேல்.

நிறத்தை நம்பாதீர்கள். ஸ்டவுட் என்ற கறுப்பு பீரைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள், ஆனால் கின்னஸ் டிராட் என்ற பிரபலமான ஸ்டவுட்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான், பொன்னிறமாக மின்னுகிற பெல்ஜியன் டிரிப்பல் பீரோ 8, 9 வரை போகும்.

கடையில் வழக்கமாகக் கிடைக்கும் பாட்டில் பீர் பெரும்பாலும் லாகர்தான், அதனால் அதற்கு டிரேயில் ஓர் இடத்தை வீணாக்க வேண்டாம் என்பேன், சிலர் சண்டைக்கு வரலாம். அந்த இடத்தில் சீசன் பீர் என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். ஒரு கிளாஸ் 100 மில்லி என்றாலும் ஆறும் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு பெரிய பாட்டில், அதனால் ஓசூருக்குத் திரும்ப பஸ்தான், சரியா?